சூடு மட்டும் மேலே வந்தால் போதும்

ஊரில் என் அப்பாவைச் சுண்ணாம்பு என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர், நாளடைவில் மரியாதையாகவே மாறி, "சுண்ணாம்பு சார் இருக்காரா?" என்று வாசலில் வந்து கேட்கிற அளவுக்குப் போய்விட்டது. வேலை முடிந்து வரும்போது அவருடைய புருவம், காது மடல், சட்டைக் காலர் எல்லாம் வெள்ளையாக இருக்கும். வெந்நீர் நிலையத்தில் அவர் ஃபிட்டர். குழாய்க்குள் படிகிற சுண்ணாம்பைச் சுரண்டி எடுக்கும் குழுவை நடத்துகிறவர்.

எங்களுடையது குளிர் ஊர். ஆனால் பூமிக்கடியில் கொதிக்கிற தண்ணீர் இருக்கிறது. ஆயிரத்து நானூறு மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து அது மேலே வந்து, குழாய் வழியாக மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் முந்நூறு வீடுகளுக்கும் போய், அறைகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும். புகை கிடையாது, சாம்பல் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் வெறுங்கையோடு வருவதில்லை. அடியில் இருக்கும் பாறையைக் கரைத்துக்கொண்டு வருகிறது. ஆழத்தில் அழுத்தம் இருக்கும்வரை சுண்ணாம்பு தண்ணீரோடு கலந்தே கிடக்கும். மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி வாயு பிரிந்துவிடும். வாயு போனதும் சுண்ணாம்பு குழாய்ச் சுவரில் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் எழுந்திருக்காது. எட்டு அங்குலக் குழாய் நாலைந்து மாதத்தில் என் கை நுழையாத அளவுக்குச் சுருங்கிவிடும். அப்போது அப்பாவும் அவருடைய ஆட்களும் குழாயைக் கழற்றி, சங்கிலித் துரப்பணத்தை உள்ளே விட்டுக் குடைந்து எடுப்பார்கள். அவசரமென்றால் ஆசிட் விட்டுக் கரைப்பதும் உண்டு.

அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. நான் நர்ஸ் படிப்பு முடிக்கிற வருடம் போனாள். அதற்குப் பிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான். எனக்கு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகள் பிரிவில் வேலை.

மூன்று வருடத்துக்கு முன்னால் நிலையத்தின் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு வேதியியலாளர் வந்தார். நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். எல்லோருக்கும் அவர் மேடம். வந்த முதல் வாரமே அப்பாவைக் கூப்பிட்டு, சுரண்டி எடுக்கிற சுண்ணாம்பை இனிமேல் அப்படியே கொட்டிவிடக் கூடாது, ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரு துண்டு தனக்கு வேண்டும், தேதி, இடம், கனம் எழுதிச் சீட்டு ஒட்டித் தரவேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து, "கல்லுக்குப் பொறந்த தேதி கேக்கறாங்க பாப்பா" என்று அலுத்துக்கொண்டார்.

அலுப்பு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அவர் சீட்டு எழுதி வைப்பதை நான் பார்ப்பேன். முதலில் மூன்றே விவரம். பிறகு நான்காவதாக ஒரு வரி சேர்ந்தது. 'மூன்றாவது வளைவு. பதினொரு மில்லிமீட்டர். வெட்டினால் மரத்தில் இருப்பது போல வளையம் வளையமாக இருக்கிறது. அழகாக இருந்ததால் இரண்டு துண்டு.' இதற்கு ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது: 'இரண்டாவது துண்டு ஆய்வுக்குத் தேவையில்லை. நானே வைத்துக்கொண்டேன்.'

"என்னப்பா, கல்லு மட்டும்தான் போகுதா, கடுதாசியும் போகுதா?" என்று கேட்டேன்.

"இது ரிப்போர்ட்டும்மா."

"ரிப்போர்ட்ல 'உடம்பு பரவாயில்லையா'ன்னு எழுதுவாங்களா?"

"அவங்களுக்கு ஜலதோஷம். மனுஷன்னா கேக்க மாட்டானா?" என்று சீட்டைத் திருப்பி வைத்தார். காதுமடல் சிவந்திருந்தது, அத்தனை வெள்ளையையும் மீறி.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. இருவரும் அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

போன குளிர்காலத்தில்தான் எல்லாம் புரண்டது. சுண்ணாம்பு படியாமல் இருக்க ஒரு மருந்தை மெல்லிய குழாய் வழியாகக் கிணற்றின் ஆழத்துக்குள் சொட்டவிடுவார்கள். அந்த மெல்லிய குழாய் பாதியில் அறுந்துபோனது. புதிது வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். சுண்ணாம்புக்குக் கொண்டாட்டம். நான்கு மாதத்தில் அடைக்க வேண்டியதை ஆறே வாரத்தில் அடைத்துவிட்டது. நடுக் குளிரில் மருத்துவமனைக்கு வருகிற வெந்நீர் நூலாகிப் போனது.

எங்கள் பிரிவில் தெர்மாமீட்டர் பதினேழு காட்டியது. எட்டு மாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை அப்போது எங்களிடம் இருந்தது. என் உள்ளங்கை அளவு முதுகு. இரண்டு மின்சார ஹீட்டரை வைத்து, தாயின் நெஞ்சோடு குழந்தையைக் கட்டி, மேலே நான்கு போர்வை போர்த்தியும் அதன் பாதம் சில்லென்றுதான் இருந்தது. அன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போனவள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அப்பாவிடம் பாய்ந்தேன்.

"துரப்பணம் வெச்சுக் குடைய எத்தனை நாள் ஆகும்?"

"பன்னெண்டு நாளாவது ஆகும்."

"ஆசிட் விட்டா?"

"ஒரே நாள். ஆனா மேடம் வேணாங்கறாங்க. குழாய் தாங்காதாம்."

"அவங்களுக்கு என்ன, லேப்ல ஹீட்டர் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. இங்க ஒரு குழந்தை விறைச்சுப் போகுது. நீங்க என்னடான்னா மேடம் மேடம்னு."

அப்பா தட்டில் போட்ட சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். சொன்னது அதிகம் என்று எனக்குச் சொன்னவுடனே தெரிந்தது. ஆனால் அப்போது திருப்பி வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

மறுநாள் நிலையத்தில் நடந்ததை எனக்குப் பிற்பாடு மேலாளர் சொன்னார். வழக்கமாக விடுவதைப் போல இரண்டு மடங்கு ஆசிட் விட்டு ஒரே நாளில் குழாயைத் திறந்துவிடலாம் என்பது மேலாளரின் திட்டம். மேடம் எழுந்து நின்று, மூன்றாவது வளைவில் இரும்பு நாலு மில்லிமீட்டர்தான் மிச்சம் இருக்கிறது, போன தடவைகளில் விட்ட ஆசிட் சுண்ணாம்போடு சேர்த்து அதையும் தின்றிருக்கிறது, இந்த அளவுக்குத் தாங்காது என்று சொன்னார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். குழாயைத் தொட்டே நோய் சொல்கிறவர் அவர். எப்போதும் மேடம் பக்கம் நிற்கிறவர்.

அன்றைக்கு அப்பா, "நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கறேன் மேடம். குழந்தைங்க நடுங்குது" என்றார்.

மேடம் அனுமதிக் காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. மேலாளர் போட்டார். வெளியே போகும்போது மேடம் அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "முகக் கவசத்தக் கழட்டாதீங்க. மூச்சு முட்டினாலும் கழட்டாதீங்க."

ஆசிட் உள்ளே போய் ஒன்றரை மணி நேரத்தில் மூன்றாவது வளைவு பிளந்தது. அப்பா தன் ஆட்கள் இருவரையும் பின்னால் தள்ளிவிட்டு, பீறிட்டு வருகிற பக்கமே போய் வால்வை மூடினார். முகக் கவசம் இருந்ததால் கண் தப்பியது. கையுறைக்கு மேலே, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, வலது கை வெந்துபோனது.

மருத்துவமனையில் என்னைக் கீழே அவசரப் பிரிவுக்குக் கூப்பிட்டபோது அவரைப் படுக்க வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்து, "வால்வை மூடிட்டேன் பாப்பா" என்றார். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் முடித்த பையன் மாதிரி சொன்னார்.

கட்டுப் போட்டு முடித்த பிறகு மேடம் வந்தார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, "கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லாத் தெரியுது மேடம். நீங்க அழறது தெரியுது."

"ஆசிட் வாடை" என்றார் மேடம். அந்த வார்டில் ஆசிட் வாடையே இல்லை.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அப்பாவை அன்றைக்கு அப்படிப் பேச வைத்தது நான்தான் என்று சொன்னேன். லேப் ஹீட்டரைப் பற்றிச் சொன்னதையும் விடவில்லை. மேடம் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நீ குழந்தைக்காகக் கேட்ட. அதுல என்ன தப்பு? நான் வேணாம் வேணாம்னு மட்டும்தான் சொன்னேன். வேற என்ன செய்யலாம்னு சொல்லல. ஒரு வழி இருக்கு. கணக்கு முழுசா முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு ஆறு மாசமா நோட்டுக்குள்ளயே வெச்சிருந்தேன். தப்புன்னு யாராவது சிரிச்சிடுவாங்களோன்னு பயம். அந்தப் பயம் உங்கப்பா கையில போய் விடிஞ்சிருக்கு."

அன்றிலிருந்து பன்னிரண்டு நாள், குழாயைத் துரப்பணம் வைத்தே குடைந்து திறந்தார்கள். எங்கள் பிரிவில் தாய்மார்கள் குழந்தைகளை நெஞ்சிலிருந்து இறக்கவே இல்லை. தாய் குளிக்கப் போனால் தகப்பன், தகப்பன் டீ குடிக்கப் போனால் அத்தை என்று ஆள் மாற்றி ஆள் சுமந்தார்கள். எட்டு மாதத்தில் பிறந்த அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. வீட்டுக்குப் போகும்போது இருநூறு கிராம் கூடியிருந்தது.

மேடம் தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் அப்பாவைப் பார்க்க வந்தார். வந்த இரண்டாம் நாளே நோட்டைப் பிரித்துக் கட்டிலில் வைத்துவிட்டார்.

"ஃபிட்டர் சார், நமக்கு வேண்டியது தண்ணியா, சூடா?"

"சூடு."

"அப்ப தண்ணிய எதுக்கு மேல கொண்டு வரணும்?"

அப்பாவுக்குப் புரியவில்லை. நான் அப்போது பக்கத்தில் ஒரு கிண்ணத்து வெந்நீரில் பால் பாட்டிலை வைத்து, மேல்மாடிக்கு எடுத்துப் போகத் தயாராக நின்றிருந்தேன். மேடம் அதைக் காட்டினார். "பாருங்க. பால் அந்தத் தண்ணியத் தொடல. ஆனா சூடாகுது. அதுமாதிரி, கிணத்துக்குள்ள அடி மூடின ஒரு பெரிய குழாய இறக்கணும். அதுக்குள்ள ஒரு சின்னக் குழாய். நாம சுத்தமான தண்ணிய வெளிக்குழாய்ல அனுப்புவோம். அது அடி வரைக்கும் போய்ச் சூடாகி, உள்குழாய் வழியா ஏறி வரும். பாறைத் தண்ணி அது பாட்டுக்கு வெளியில கிடக்கும். மேல வராது, வாயு பிரியாது. சுண்ணாம்பு எங்க போய் உக்காரும்?"

அப்பா வெகு நேரம் நோட்டைப் பார்த்தார். "சூடு கம்மியா வருமே மேடம்."

"கம்மிதான். ஊருக்குப் போதாது. ஆஸ்பத்திரிக்குப் போதும்."

நிலையத்தில் இரண்டாவதாக ஒரு கிணறு உண்டு. ஊமைக் கிணறு என்பார்கள். தொள்ளாயிரம் மீட்டர் தோண்டியும் தண்ணீர் சரியாக ஊறவில்லை என்று மூடி வைத்தது. தண்ணீர்தான் இல்லை, அடியில் சூடு இருந்தது. மேலாளர் இந்த முறை மறுபேச்சு பேசவில்லை. விபத்துக்குப் பிறகு அவர் பாதி ஆளாகியிருந்தார். அப்பாவைப் பார்க்க வந்தபோது, "நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது" என்றார். "நான் தலையாட்டியிருக்கக் கூடாது" என்றார் அப்பா. இருவரும் ஆளுக்கொரு டீ குடித்தார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இளவேனிலில் வேலை தொடங்கியது. அப்பா கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுக்கொண்டே போய் நின்றார். பன்னிரண்டு மீட்டர் குழாய்கள், வெளிக்குழாய்க்கு எழுபத்தைந்து, உள்குழாய்க்கு எழுபத்தைந்து. ஒன்றோடு ஒன்றை முடுக்கி முடுக்கி இறக்க வேண்டும். அவருடைய ஆட்கள் முடுக்கினார்கள், அவர் காதை வைத்துக் கேட்டு, "இன்னும் கால் சுத்து" என்றோ "போதும், விடு" என்றோ சொன்னார். மேடம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தே எண்ணலாம். வெளியே வெயில் இதமாக இருக்கிறது என்று காரணம் சொன்னாராம்.

தண்ணீரை விட்டுப் பார்த்த முதல் நாள், அறுபத்திரண்டு டிகிரி வர வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு வந்தது. மறுநாளும் நாற்பத்தேழு. மூன்றாம் நாள் மேடம் பம்ப் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, கடைசியில் பென்சிலையும் கீழே போட்டுவிட்டாராம்.

அப்பா போய்க் கதவைத் தட்டினார். "மேடம், ஒரு சின்னச் சந்தேகம். மேல வர்ற சூட்டுத் தண்ணிக்கும் கீழ போற பச்சத் தண்ணிக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"உள்குழாய்."

"வெறும் இரும்பு. தொள்ளாயிரம் மீட்டருக்கும் வெறும் இரும்பு. அடியில வாங்கின சூட்ட, வீடு வந்து சேர்றதுக்குள்ள வழியெல்லாம் பங்கு போட்டுக் குடுத்துட்டு வருது."

மேடம் கதவைத் திறந்தார். நோட்டில் ஒரு பக்கத்தைத் தேடி எடுத்தார். உள்குழாயிலிருந்து எவ்வளவு சூடு போகும் என்பதற்கு ஒரு வரி எழுதியிருந்தார். அந்த எண் பத்தில் ஒரு பங்காக எழுதப்பட்டிருந்தது. புள்ளி ஓர் இடம் தள்ளி உட்கார்ந்திருந்தது.

"ஆறு மாசம் பயந்தேன் இல்ல, யாராவது தப்பக் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு. கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார்.

"சிரிக்கலியே" என்றார் அப்பா.

அதற்கு மேடம்தான் சிரித்தார். மூன்று நாளாகச் சாப்பிடாதவர், அப்பாவின் சாப்பாட்டு டப்பாவைப் பாதி காலி செய்துவிட்டுத்தான் போனார். நான் கட்டிக் கொடுத்த சாப்பாடு. உப்பு குறைவு என்றும் சொல்லியனுப்பினார்.

எழுபத்தைந்து உள்குழாயையும் மறுபடி மேலே இழுத்தார்கள். இரட்டைச் சுவர் வைத்து, நடுவில் சூடு கடத்தாத பஞ்சு அடைத்த குழாயாக மாற்றி இறக்கினார்கள். மூன்று வாரம் பிடித்தது. ஐம்பத்தொன்பது டிகிரி வந்தது. கணக்குக்கு மூன்று குறைவு. மேலாளர் கை தட்டினார். மேடம் மட்டும் அந்த மூன்று எங்கே போனது என்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறார். ஊர் வீடுகளுக்குப் பழைய கிணறுதான். அங்கே புது மருந்துக் குழாய் போட்டாயிற்று. சுண்ணாம்பு இப்போதும் படிகிறது, அப்பாவின் ஆட்கள் இப்போதும் சுரண்டுகிறார்கள். ஆனால் மருத்துவமனை அதை நம்பி இல்லை.

ஒருநாள் மத்தியானம் மேடம் எங்கள் கேன்டீனுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை போடாத டீ.

"உங்கப்பாகிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்கு முன்னாடி உன்கிட்ட கேக்கணும்னு தோணுச்சு. எனக்கு அவரப் பிடிச்சிருக்கு."

"தெரியும் மேடம்."

"அவருக்கு?"

"அவருக்கும் உங்களப் பிடிச்சிருக்கு. அது அவருக்குத் தெரிய இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். நீங்களே சொல்லிடுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவர் போன பிறகு ஏனோ அழுகை வந்தது. அம்மாவுக்கு நான் துரோகம் செய்கிறேனா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு, ஒன்பது வருடமாக அப்பா தனியாக உட்கார்ந்து தட்டில் கோலம் போடுகிற மாதிரி சாப்பாட்டைக் கிளறிக்கொண்டிருப்பதை அம்மா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். 'நல்லா இருக்கு உங்க லட்சணம்' என்றுதான் சொல்லியிருப்பாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாப்பா, மேடம் ஒண்ணு சொன்னாங்க."

"என்னன்னு?"

"மேடம்னு கூப்பிடாதீங்கன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் வேறயும் சொன்னாங்க." ஷூ முடிச்சை இடது கையால் அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. நான் குனிந்து அவிழ்த்தேன். என் தலைக்கு மேலே அவர் குரல் கேட்டது. "உங்கம்மா…"

"அம்மா இடம் அம்மாவுக்கு. அத யாரும் எடுக்கப் போறதில்ல. வீட்டுல வேற இடம் நிறைய இருக்குப்பா."

அவர் என் தலையில் கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

பதிவு அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் கல்யாணம். நானும் மேலாளரும் சாட்சி. அப்பாவின் வலது கை முழுதாக மடங்காது. கையெழுத்துப் போட அவருக்கு நேரமானது. காகிதம் நகராமல் இருக்க ஒரு மூலையை மேடம் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அலுவலர் அவசரப்படுத்தவில்லை.

ஒரே வீட்டுக்கு வந்தாயிற்று. ஆனால் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பது எனக்குப் பெரும் பாடாகிவிட்டது. வீட்டில் மேடம் என்றால் நன்றாக இல்லை. அம்மா என்று வாய் வரவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. ஆன்ட்டி என்றால் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருந்தது. இரண்டு மாதம் பெயரே சொல்லாமல் ஓட்டினேன். "டீ வேணுமா?", "கதவைச் சாத்திடவா?" என்று காற்றைப் பார்த்துப் பேசினேன். அவரும் காற்றுக்கே பதில் சொன்னார். அப்பா நடுவில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

மறுபடி குளிர் வந்தது. ஊமைக் கிணற்றுச் சூடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வாரம் ஒருமுறை அவரே எங்கள் பிரிவுக்கு வருவார். அன்றைக்கு அறையில் இருபத்தைந்து டிகிரி. வெளியே ஜன்னல் கண்ணாடியில் பனி. உள்ளே ஏழு குழந்தைகள் கைகாலை விரித்துப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. அவர் கட்டில் கட்டிலாகக் குனிந்து பார்த்துவிட்டு, சுவரோரம் தெர்மாமீட்டர் முன்னால் நின்றார். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் என் காதருகே வந்து, "யாருங்கக்கா அவங்க, பெரிய டாக்டரா?" என்று கேட்டாள்.

"இல்ல. எங்க சித்தி" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். சித்தி திரும்பிப் பார்க்கவில்லை. நோட்டில் எண்ணை எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.